மது விற்காத ஒரு கிளப்பைப் பற்றி இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

கேள்வி இதுதான். கிளப்புகளில் ஆடுவதற்கான எலக்ட்ரானிக் இசை வகையான ஹவுஸ் எப்படி வந்தது என்று எதைப் படித்தாலும் பார்த்தாலும் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் பெயர் வந்துவிடுகிறது. பத்து வருடம் ஓடிய கிளப். ஸ்டுடியோ 54 மாதிரி நட்சத்திரங்கள் படம் எடுத்துக்கொண்ட இடமும் இல்லை. அப்படியிருக்க இவ்வளவு பெயர் எப்படி? பாட்டுகள் அவ்வளவு நல்லவையா, இல்லை அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் இளமையை நினைத்து உருகுகிறார்களா?

உருகுவதும் உண்டு, பாட்டுகளும் நல்லவைதான். ஆனால் என்னைக் கேட்டால் முதல் காரணம் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது: அங்கே மது விற்கவில்லை. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், ஆனால் அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு போனால் ஒலி, பாட்டு, கூட்டம், விடியும்வரை ஆட்டம் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும். நான் ஒலி அமைப்புத் தொழிலில் இருப்பவன், அதனால் பேச்சு ஸ்பீக்கர் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான கிளப் எப்படிப் பிழைக்கிறது? வாசலில் வாங்குவது கொஞ்சம், பாரில் வருவதுதான் வருமானம். அப்படியானால் முதலாளிக்கு வேண்டியது என்ன? ஆடுகிறவன் அடிக்கடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு பாருக்கு வர வேண்டும். டிஜேயும் அதற்குத் தோதாகத்தான் பாட்டு போட வேண்டும், கூட்டத்தை ஏற்றி, இறக்கி, தாகம் எடுக்க வைத்து. பாரடைஸ் கராஜில் இந்தத் தொல்லை கிடையாது. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களும் அவர்கள் கூட்டிவரும் விருந்தாளிகளும் வாசலில் பணம் கட்டிவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே பழம், காபி, பழரசம் எல்லாம் இலவசம். அதற்கப்புறம் அவர்களிடம் விற்க எதுவும் இல்லை. அடுத்த வாரமும் அவர்கள் வர வேண்டும், அவ்வளவுதான் வியாபாரம். அடுத்த வாரம் வர வைக்க வேண்டுமென்றால் ஒலியும் பாட்டும் ஆட்டத்தளமும் நன்றாக இருக்க வேண்டும், பணத்தை அங்கேதான் கொட்ட வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. நியூயார்க்கில் மது விற்கும் இடங்கள் அதிகாலை 4 மணிக்கு விற்பனையை நிறுத்தியாக வேண்டும். மதுவே விற்காத இடத்துக்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது. அதனால் சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம் ஞாயிறு காலை தாண்டி மதியத்தை நெருங்கும்வரை போகும். ஒரே டிஜே, அத்தனை மணி நேரமும்.

மது இல்லை என்றதும் போதையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போதைப்பொருள் தாராளமாக இருந்தது, அதை மறைத்து எழுதும் ஆட்களை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து நியூயார்க் விருந்துகளில் பழரசத்திலேயே எல்எஸ்டி கலந்து வைத்த கதைகளை, கலந்தவர்களே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வது ஒழுக்கக் கதை இல்லை, வருமானம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற கதை.

இந்த முறையைக் கண்டுபிடித்தது பாரடைஸ் கராஜ் கிடையாது. டேவிட் மன்குஸோ என்பவர் 1970 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், பிராட்வேயில் தான் குடியிருந்த பழைய தொழிற்கூட மாடியில் ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழ் இருந்தால்தான் அனுமதி, மது விற்பனை இல்லை, ஒலிக்கு மட்டும் செலவுக்கணக்கே பார்ப்பதில்லை. லாஃப்ட் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. நகர நிர்வாகம் உரிமம் எங்கே என்று கேட்டு வந்தது, பொதுமக்களுக்கு உணவோ குடியோ விற்காததால் உரிமம் தேவையில்லை என்று 1975-ல் முடிவானது. பின்னால் வந்த பலருக்கு அந்த முடிவுதான் வழி திறந்துவிட்டது. பாரடைஸ் கராஜைத் தொடங்கிய மைக்கேல் பிரோடி அதே முறையைப் பெரிய அளவில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். முதலில் ரீட் தெருவில் ஒரு சிறிய இடம் நடத்தினார், அது மூடப்பட்டது. அடுத்து மன்ஹாட்டனின் கிங் தெரு 84-ம் எண்ணில் இருந்த வாகன நிறுத்தக் கட்டடத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். கார்கள் ஏறும் சரிவுப் பாதைதான் கிளப்புக்கும் நுழைவாயில். இரண்டு பக்கமும் விளக்குகள் எரிய, மேலே ஏற ஏற பாஸ் என்னும் கீழ் ஸ்தாயி ஒலி முதலில் காலில் தெரியும், பிறகு நெஞ்சில், அப்புறம்தான் காதில் என்று போனவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

கையில் பணம் குறைவு என்பதால் 1977-ல் கட்டுமான வேலை நடக்கும்போதே, முடிந்த அறையைத் திறந்து விருந்து வைத்து, அதில் வந்த பணத்தை அடுத்த வேலைக்குப் போட்டார்கள். 1978 ஜனவரியில் பெரிய தடபுடலோடு திறப்பு விழா. அது படுதோல்வி. பனிப்புயலில் ஒலிக்கருவிகள் வந்துசேரத் தாமதம், வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் குளிரில் நடுங்கி நின்று கோபத்தோடு திரும்பிப் போனார்கள். நகரத்தின் நாகரிகக் கூட்டம் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிரோடிக்கு அது பேரிழப்பு, ஆனால் கிளப்புக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வந்து தங்கியவர்கள் வேடிக்கை பார்க்க வராமல் ஆட வந்தவர்கள்.

யார் அவர்கள்? பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அவர்களில் தன்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்களே அதிகம். சனிக்கிழமை அவர்களுடைய இரவு, வெள்ளிக்கிழமை எல்லாரும் கலந்த கூட்டம். அதே நகரத்தில் 1977 ஏப்ரலில் திறந்த ஸ்டுடியோ 54-ன் வாசலில் கயிறு கட்டி, முகத்தையும் உடையையும் பார்த்து ஆளைப் பொறுக்கி உள்ளே விட்டார்கள். கிங் தெருவுக்கு வந்த பலருக்கு அந்தக் கயிற்றுக்கு உள்ளே போக வாய்ப்பே கிடையாது. சரி, கராஜ் மட்டும் எல்லாருக்கும் திறந்த வீடா என்றால் அதுவும் இல்லை. உறுப்பினராக வேண்டுமென்றால் நேர்காணல் உண்டு, அங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் அட்டை கொடுத்தார்கள். வித்தியாசம் என்னவென்றால் வெளியே துரத்தப்பட்டவர்கள் இங்கே உள்ளே இருந்தார்கள். ஸ்டுடியோ 54 கதை சீக்கிரமே முடிந்தது: 1978 டிசம்பரில் வருமான வரிச் சோதனை, 1980-ல் முதலாளிகள் இருவரும் சிறையில். வேடிக்கை என்னவென்றால் இரண்டு இடத்துக்கும் ஒலி அமைத்தவர் ஒரே ஆள், ரிச்சர்ட் லாங்.

இப்போது அந்த ஒரே டிஜே, லாரி லெவன். புரூக்ளின் பையன், 1954-ல் பிறந்தவர். பதின்ம வயதிலிருந்தே கூட்டாளி பிராங்கி நக்கிள்ஸ். இரண்டு பேரும் நிக்கி சியானோவின் கேலரி என்ற கிளப்பில் பலூன் ஊதும் எடுபிடிகளாகத் தொடங்கி, கான்டினென்டல் பாத்ஸ் என்ற குளியலகத்தில் டிஜேக்களாக வளர்ந்தவர்கள். பிரோடியின் ரீட் தெரு இடத்திலும் லெவன்தான் டிஜே, கிங் தெரு கிளப் அவரை மனதில் வைத்தே கட்டப்பட்டது. கடைசி நாள்வரை அவர்தான் அங்கே தலைமை டிஜே. ஒரு டிஜேக்காக ஒரு கட்டடத்தையே அமைத்தது அதற்கு முன் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்!

அவர் எப்படி வாசித்தார் என்பதை நம் ஆட்களுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். திருவிழாவில் விடிய விடிய நடக்கும் நாகஸ்வரக் கச்சேரியில், ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் நகர மாட்டார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள் இல்லையா, அந்த மாதிரி. எதிரே இருக்கும் கூட்டம் எங்கே தலையாட்டுகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அங்கேயே வளைத்து வாசிப்பது. லெவனுக்குப் பிடித்த பாட்டு ஒரே இரவில் பலமுறை வரும். பாட்டு வரிகளைக் கோத்து ஒருவருக்குச் செய்தி சொல்வார், நேற்று சண்டை போட்ட காதலனுக்குக்கூட. திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தி இருட்டில் வைத்திருப்பார். ஆட்டத்தின் நடுவில் ஏணி போட்டு ஏறி, மேலே தொங்கும் கண்ணாடி உருண்டையைத் தூசு துடைப்பார், கீழே ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். இன்று எந்த டிஜே இதைச் செய்தாலும் அடுத்த வாரம் வேலை இருக்காது.

டிஸ்கோ மட்டும் போட்டார் என்று நினைத்தால் அதுவும் தப்பு. இங்கிலாந்து பங்க் குழுவான தி கிளாஷ், மரியான் ஃபெயித்ஃபுல், ஜெர்மனிக்காரர் மனுவேல் கோட்ஷிங்கின் ஒரு மணி நேர எலக்ட்ரானிக் கிடார் இசை என எல்லாம் அதே தளத்தில் ஓடியது. கராஜ் இசை என்று பிற்பாடு ஒரு வகையாகப் பிரித்துப் பெட்டியில் போட்டதைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆட்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. ரிச்சர்ட் லாங்கும் லெவனும் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து பத்து வருடமும் அதைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். ஒருமுறை பொருத்திவிட்டுப் போன வேலை கிடையாது. ஆழமான பாஸுக்கென்று பெரிய ஹார்ன் பெட்டிகள், அதில் ஒரு வடிவத்துக்கு லெவன் ஹார்ன் என்றே பெயர் வந்தது. மேல் ஸ்தாயிக்குக் கூரையிலிருந்து தொங்கும் ட்வீட்டர்கள், அந்த யோசனை லாஃப்டில் மன்குஸோவுக்காக அலெக்ஸ் ராஸ்னர் செய்து கொடுத்ததிலிருந்து வந்தது. பாஸ், நடு, மேல் என்று ஒலியைப் பிரித்துத் தனித்தனியாக ஏற்றி இறக்க டிஜே கையிலேயே கிராஸ்ஓவர். குரலை மட்டும் விட்டுவிட்டு பாஸை முழுக்க எடுத்துவிடுவார், கூட்டம் கத்தும், பிறகு மொத்தமாகத் திரும்பக் கொடுப்பார். இன்றைக்கு எந்தக் கல்யாண மண்டப டிஜேயும் ஒரு குமிழைத் திருகிச் செய்கிற வித்தை இது.

இன்னொரு நுணுக்கம். இசைத்தட்டில் ஓடும் ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜை இரவு போகப் போக மாற்றுவாராம். தொடக்கத்தில் சுமாரானது, கூட்டம் நிறைந்து உச்சத்துக்கு வரும் நேரத்தில் உள்ளதிலேயே விலை கூடியது. ஆடுகிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அதிகாலையில் அதே ஸ்பீக்கர் திடீரென்று இன்னும் தெளிவாகக் கேட்கும். எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்கள் முதல் பாட்டிலேயே எல்லாவற்றையும் முழுசாக ஏற்றிவிடுவார்கள், ஒரு மணி நேரத்தில் காது களைத்துப் போய்விடும், அதற்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான். கராஜில் அவ்வளவு சத்தத்திலும் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தாமல் பேச முடிந்தது என்று போனவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சத்தமாக இருப்பது சுலபம், சிதையாமல் சத்தமாக இருப்பதற்குத்தான் காசும் பொறுமையும் வேண்டும். பத்து மணி நேரம் ஒருவன் ஆட வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது. பாருக்குக் கூட்டம் போக வேண்டிய இடத்தில் இப்படி உழைக்க யாருக்கும் அவசியமில்லை.

இனி பாட்டுகள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலிக்காரர் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்தார், கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளை. அதோடு டிஸ்கோ செத்தது என்று எழுதுவார்கள். பெரிய கம்பெனிகள் கைவிட்டது உண்மை. ஆனால் ஆடுகிறவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. அந்தக் காலி இடத்தில் வெஸ்ட் எண்ட், பிரீலூட், சால்சோல் போன்ற சிறிய நியூயார்க் கம்பெனிகள் பிழைத்தன, அவர்களுக்கு கராஜ்தான் பரிசோதனைச் சாலை. வெஸ்ட் எண்ட் நடத்திய மெல் செரன் கிளப்புக்கே பணம் போட்டவர். சங்கிலி இப்படிப் போகும்: லெவன் சனிக்கிழமை ஒரு பாட்டைப் போடுவார், டபிள்யூபிஎல்எஸ் வானொலியின் பிராங்கி குரோக்கர் அதைக் கேட்டுவிட்டு ஒலிபரப்புவார், கார்மைன் தெருவில் இருந்த வினைல்மேனியா கடையில் அந்தத் தட்டைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். விளம்பரச் செலவு ஒன்றும் இல்லை.

டானா கார்ட்னர் பாடிய ஹார்ட்பீட் இதற்கு நல்ல உதாரணம். 1981, வெஸ்ட் எண்ட் வெளியீடு, லெவன் கையால் மிக்ஸ் செய்தது. அப்போது ஆட்டப் பாட்டென்றால் நிமிடத்துக்கு 120 தாள அடி பக்கம். இது 100-க்கும் கீழே, நடக்கும் வேகம். முதல்முறை போட்டபோது தளமே காலியானது, எல்லாரும் பழம் சாப்பிடப் போய்விட்டார்கள் என்பது கராஜ் ஆட்கள் விரும்பிச் சொல்லும் கதை. அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், அடுத்த வாரமும் போட்டார். சில வாரங்களில் அந்தப் பாட்டு தொடங்கியதும் தளத்தை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். பார் வைத்திருக்கும் கிளப்பில் ஒரு பாட்டு தளத்தைக் காலி செய்தால் மேலாளர் ஓடி வருவார். இங்கே யாரும் வரவில்லை, அதனால் ஒரு மெதுவான பாட்டுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. கேட்டுப் பாருங்கள், அந்த பாஸ் வரியைப் பின்னாளில் எத்தனை பாட்டுகள் எடுத்தாண்டன என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

லெவன் கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்திய பீச் பாய்ஸ் (Peech Boys, பிரபலமான அந்த Beach Boys இல்லை) குழுவின் டோன்ட் மேக் மீ வெயிட் (1982) இன்னொன்று. நாடாவில் பதிந்து கிளப்பில் போட்டு, கூட்டத்தின் போக்கைப் பார்த்து மாற்றி, மறுபடி போட்டு, வெளியிட மனமே வராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அதில் எதிரொலிக்கும் கைதட்டல் ஒலியைக் கேட்டால், வரப்போகும் ஹவுஸ் இசை வாசலில் நிற்பது தெரியும். அதைப் பாடிய பெர்னார்ட் ஃபௌலர் பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையில் பல ஆண்டுகள் பின்குரல் பாடினார்.

பிரபலங்கள் வந்ததும் உண்டு, அதை நீட்ட விரும்பவில்லை. மடோனாவின் முதல் பாட்டுக்கான வீடியோ அங்கேதான் எடுக்கப்பட்டது. ஓவியர் கீத் ஹாரிங் சனிக்கிழமை தவறாமல் வருகிறவர், 1984-ல் தன் பிறந்தநாளையே அங்கே வைத்தார். பாடகி கிரேஸ் ஜோன்ஸ் உடம்பில் ஹாரிங் ஓவியம் தீட்ட, அந்தக் கோலத்தில் ஜோன்ஸ் அங்கே மேடையேறியிருக்கிறார்.

எய்ட்ஸைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நோய்க்கு இன்னும் சரியான பெயர்கூட நிலைக்காத 1982 ஏப்ரலில், கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் என்ற அமைப்புக்கு நிதி திரட்டும் விழாவுக்கு பிரோடி தன் கிளப்பைக் கொடுத்தார். அடுத்த ஐந்தாண்டில் ஆட்டத்தளத்தில் முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்க மற்றவர்கள் பயந்த காலம் அது. பிரோடியும் நோயில் விழுந்தார். குத்தகை முடிந்தது, அக்கம்பக்கத்து எதிர்ப்பும் இருந்தது, புதுப்பிக்கவில்லை. 1987 செப்டம்பர் கடைசி வாரத்தில் நிற்காமல் நடந்த ஒரு விருந்தோடு மூடினார்கள். அதே வருடம் பிரோடி இறந்தார். கீத் ஹாரிங் 1990-ல். ஒலி அமைத்த ரிச்சர்ட் லாங் கிளப் மூடுவதற்கு முன்பே போய்விட்டார். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள், டிஜேக்கள், கடைக்காரர்கள் என்று அந்த வட்டமே சிதைந்துபோனது. அவர்கள் இருந்திருந்தால் இந்த இசையின் வரலாற்றை வேறு ஆட்கள் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

லெவனுக்கு அதற்கப்புறம் நிலையான இடம் அமையவில்லை. ஹெராயின் பழக்கம். தன் ரெக்கார்டுகளையே விற்றார், நண்பர்கள் அதை விலைகொடுத்து வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1992-ல் ஜப்பானில் ஒரு சுற்றுப்பயணம், நன்றாகவே நடந்தது. திரும்பிவந்து அந்த நவம்பர் 8 அன்று இதயக் கோளாறில் இறந்தார், வயது 38.

சரி, விட்டுப்போனது என்ன? முதலில் சிகாகோ. அங்கே கிளப் தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ் முதலில் கூப்பிட்டது லெவனைத்தான். அவர் நியூயார்க்கை விட்டு வர மாட்டேன் என்றதும் 1977-ல் போனவர் நக்கிள்ஸ். அந்த கிளப் பெயர் வேர்ஹவுஸ், ஹவுஸ் இசைக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். ஆக லெவன் போகாததால் ஒரு வரலாறும் நக்கிள்ஸ் போனதால் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து நியூ ஜெர்சியில், நியூவார்க் நகரத்து சான்ஸிபார் கிளப்பில், ரிச்சர்ட் லாங் ஒலியோடு டோனி ஹம்ஃப்ரிஸ் வாசித்தது தேவாலயக் குரல் தூக்கலான தனிப் பாணியாக வளர்ந்தது. கராஜ் பாட்டு என்றால் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது அந்தப் பாணிதான். அதை லண்டன் டிஜேக்கள் தொண்ணூறுகளில் வேகத்தைக் கூட்டிப் போட்டதிலிருந்து யூகே கராஜ் பிறந்தது.

லண்டன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் என் கட்சிக்கு அது சாட்சி. கிங் தெருவில் ஆடிப் பழகிய ஜஸ்டின் பெர்க்மன் 1991-ல் கூட்டாளிகளோடு பழைய பஸ் நிறுத்தக் கட்டடம் ஒன்றில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற கிளப்பைத் தொடங்கினார். முதலில் ஒலிக்கென்று பெட்டி மாதிரி ஒரு பெரிய அறை கட்டினார்கள், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். லெவனையே அழைத்துவந்து வாசிக்க வைத்தார்கள், ஒலியைச் சரிசெய்யவும் அவர் கை வைத்தார். தொடக்கத்தில் அங்கேயும் மது உரிமம் கிடையாது. பிறகு என்ன ஆனது? மது வந்தது, இசைத்தொகுப்பு வெளியீடு, சட்டை, சுற்றுப்பயணம் என்று உலகம் முழுக்க ஒரு முத்திரையாக வளர்ந்தது. குறை சொல்லவில்லை, அந்த ஒலியை இன்றும் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்றே கேள்வி. ஆனால் கிங் தெருவிலிருந்து எடுத்துப்போக முடிந்தது ஸ்பீக்கரைத்தான், அந்தக் கணக்கு வழக்கை எடுத்துப்போக முடியவில்லை. உயர்ந்துகொண்டே போகும் வாடகையை வாசல் பணத்தால் மட்டும் கட்ட முடியாது. நியூயார்க்கிலேயே 1996-ல் பிரான்சுவா கெவோர்கியன், டேனி கிரிவிட், ஜோ கிளாசல் மூன்று பேரும் தொடங்கிய பாடி அண்ட் சோல் விருந்து, ஞாயிறு பகலில், மது இல்லாத இடத்தில் நடந்தது. அது பழைய முறைக்கு ரொம்ப நெருக்கம். வாரம் ஒருநாள் பகல் விருந்தாக இருந்ததால்தான் சாத்தியமானது என்பேன்.

மற்றபடி இன்று டிஜே என்றால் ஒருவர் தொண்ணூறு நிமிடம், அடுத்தவர் தொண்ணூறு நிமிடம். அத்தனை பேர் பெயரும் சுவரொட்டியில் வர வேண்டும், அதைப் பார்த்துத்தான் சீட்டு விற்கும். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு மெதுவான பாட்டைக் கூட்டத்துக்குப் பழக்க முடியுமா? தெரிந்த பாட்டு, உச்சம், உச்சம், முடிந்தது. இளம் டிஜேக்களிடம் திறமை இல்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குப் பத்து மணி நேரமும், வாராவாரம் திரும்பி வரும் அதே கூட்டமும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கட்டடம் இப்போது இல்லை. கிளப் மூடியபின் தொலைபேசி நிறுவன வண்டிகள் நிற்கும் இடமாக இருந்து, 2018-ல் இடிக்கப்பட்டது. அதற்கு முன் 2014 மே மாதம் கிங் தெருவை அடைத்து ஒரு விருந்து நடத்தினார்கள். தெருவுக்கு லெவன் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது கோரிக்கை, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து நடுத்தெருவில் ஆடினார்கள். சிகாகோவில் நக்கிள்ஸ் பெயரில் தெரு 2004-லேயே வந்துவிட்டது, வேர்ஹவுஸ் கட்டடத்துக்கு 2023-ல் பாரம்பரியச் சின்னம் என்ற பாதுகாப்பும் கிடைத்தது.

கேட்க ஆசைப்பட்டால் அந்தக் காலத் தொகுப்புகள் எத்தனையோ இருக்கின்றன, ஆனால் முதலில் தேட வேண்டியது 2000-ல் வெளிவந்த நேரடிப் பதிவு, லெவன் 1979-ல் கராஜில் வாசித்தது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாஸ் வராது, பாதி விஷயம் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சில இடங்களில் தாளம் கச்சிதமாக ஒட்டாது. இன்று அதை மென்பொருள் சரிசெய்துவிடும், ஒட்டவில்லை என்றால் கிண்டல் செய்வார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அடுத்து என்ன பாட்டு, எந்த நேரத்தில், எவ்வளவு பாஸ், அதில்தான் அவர் கவனம் முழுக்க. முதல் பத்து நிமிடம் சாதாரண டிஸ்கோவாகத்தான் தோன்றும், விடாமல் கேளுங்கள்.